அந்தப் பக்கம் ஐந்தரை, இந்தப் பக்கம் ஐந்தரை

எங்கள் மாநிலத்தை மேற்கு எல்லையிலிருந்து கிழக்கு எல்லை வரை குறுக்கே கடந்து செல்லும் பெரிய நெடுஞ்சாலைக்கு ஐம்பது வயது நிறைவதை முன்னிட்டு, அதன் வரலாற்றை நூலாக எழுதும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. நெடுஞ்சாலைத் துறையின் தலைமை அலுவலகத்தில், பதிவுப் பிரிவு எழுத்தராகப் பதினான்கு வருடம் குப்பை கொட்டியிருக்கிறேன். அந்த அனுபவத்தை மெச்சித்தான் கொடுத்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பதிவறையின் சாவி என்னிடம் இருந்தது, மற்றவர்களுக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது. அவ்வளவுதான் காரணம்.

நூலில் இரண்டு பகுதிகள் இருக்க வேண்டும் என்று உத்தரவு சொன்னது. ஒன்று, சாலையின் வரலாறு. மற்றது, சாலையின் அபாயங்களும் அவற்றைத் துறை வென்ற விதமும். துறை எதையாவது வென்றதாகக் கோப்பு கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று எழுதிக் கேட்டேன். "கிடைக்கும் வரை தேடவும்" என்று பதில் வந்தது.

வரலாறு சுலபமாகக் கிடைத்தது. ஐம்பத்து மூன்று வருடத்துக்கு முன், நானூற்றுப் பதினாறு கிலோமீட்டர் சாலையைச் சீக்கிரம் போட்டு முடிப்பதற்காகத் துறையை இரண்டு வட்டமாகப் பிரித்தார்கள். மேற்கு வட்டம் மேற்கு எல்லையில் தொடங்கிக் கிழக்கே வர வேண்டும், கிழக்கு வட்டம் கிழக்கு எல்லையில் தொடங்கி மேற்கே வர வேண்டும், நடுவில் சந்தித்துக் கைகுலுக்க வேண்டும். ஏற்பாடு என்னவோ நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பிரித்த அன்றே, துறையிடம் இருந்த ஒரே ஜீப் யாருக்கு என்பதில் மனத்தாங்கல் வந்துவிட்டது. ஜீப் மேற்குக்குப் போயிற்று. அன்றிலிருந்து கிழக்கு வட்டப் பொறியாளர் மேற்கு வட்டப் பொறியாளரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, தன் வரைபடத்தையும் காட்டவில்லை. ஜீப் இருக்கும்போது வரைபடம் எதற்கு என்று மேற்கும் கேட்டு வாங்கவில்லை.

மூன்று வருடம் இரண்டு தரப்பும் மாடாக உழைத்தன. ஒரு நாள் மதியம் மேற்கு வட்டத்து ஆட்கள் தார் காய்ச்சிக்கொண்டிருந்தபோது, வலது கைப் பக்கம், வயல்களுக்கு அப்பால், இன்னொரு தார்ப் புகை தெரிந்தது. யாரோ குப்பை எரிக்கிறார்கள் என்று எண்ணி வேலையைத் தொடர்ந்தார்கள். இரண்டு நாள் கழித்து அந்தப் புகை அவர்களுக்குப் பின்பக்கமாகப் போய்விட்டது. அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. இரண்டு சாலையும் நானூறு மீட்டர் இடைவெளியில் ஒன்றை ஒன்று தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.

திறப்பு விழாவுக்கு ஒன்பது நாள்தான் பாக்கி. அழைப்பிதழ் வேறு அச்சாகிவிட்டது. சாலையை எப்போது வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளலாம், அழைப்பிதழைத் திருத்த முடியுமா? எனவே இரண்டு நுனியையும் சாய்வாக ஒரு துண்டுச் சாலையால் இணைத்து, வருகிற வண்டி வலது பக்கம் ஒடித்து, மூச்சு விடுவதற்குள் இடது பக்கம் ஒடிக்கும்படி ஓர் இரட்டை வளைவு போட்டார்கள். அதன் நட்டநடுவில் 212 என்று எழுதிய கல்லை நட்டு, கல்லுக்கு மேற்கே மேற்கு வட்டம், கிழக்கே கிழக்கு வட்டம் என்று எல்லை வகுத்தார்கள். கல்லின் இரு பக்கமும் ஒரே நாளில் இரண்டு ரிப்பன் வெட்டப்பட்டது. கத்திரிக்கோல் ஒன்றே ஒன்று இருந்ததால் கிழக்கு கால் மணி நேரம் காத்திருக்க நேர்ந்தது. அதைப் பற்றிய கண்டனக் கடிதம் இன்னும் கோப்பில் இருக்கிறது.

இதை நூலில் எப்படி எழுதுவது என்று எங்கள் தலைமைப் பொறியாளரிடம் கேட்டேன். அவர் கண்ணை மூடி யோசித்து, "இரு வட்டங்களின் ஒற்றுமையைப் பறைசாற்றும் வண்ணம் அமைக்கப்பட்ட வளைவு" என்று எழுதச் சொன்னார். அன்று முதல் அலுவலகத் தாள்களில் அது ஒற்றுமை வளைவு ஆயிற்று. அந்த வழியாக வண்டி ஓட்டுகிறவர்கள் வைத்திருக்கும் பெயரை அச்சில் ஏற்ற முடியாது.

அந்தப் பெயர் எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் அக்காவின் கணவர் பஸ் ஓட்டுநர். ஒரு நாளைக்கு நான்கு முறை அந்த வளைவைக் கடக்கிறவர். அவர்கள் கீழ்வீட்டில் இருக்கிறார்கள், நான் மாடியில் ஓர் அறையில் இருக்கிறேன், சாப்பாடு கீழே. எனக்கு இந்தத் துறையில் வேலை கிடைத்த நாளிலிருந்து, மாநிலத்தின் எந்த மூலையில் எந்தப் பள்ளத்தில் மாமாவின் பஸ் இறங்கினாலும் அதற்கு நான்தான் ஜவாப்தாரி என்பது அக்காவின் கட்சி. சாப்பாடு போடுகிற கை என்பதால் நான் மறுத்துப் பேசுவதில்லை.

அக்கா பெரிதாக எதுவும் கேட்கவில்லை. வளைவில் ஒரு கண்ணாடி. எதிரே வரும் வண்டியைத் திருப்பத்துக்கு முன்பே காட்டுகிற, வயிறு உப்பிய வட்டக் கண்ணாடி. எங்கள் கிடங்கில் அப்படிப்பட்ட கண்ணாடிகள் பதினொன்று கிடந்தன. ஒன்றில் கிடங்குக் காப்பாளர் தலை சீவிக்கொள்வார், மற்ற பத்தும் சும்மா இருந்தன.

"ஒண்ணே ஒண்ணுடா," என்றாள் அக்கா. "எதிர்ல என்ன வருதுன்னு அவருக்குத் தெரிஞ்சா போதும். நான் சாயங்காலம் நிம்மதியா இருப்பேன்."

விதி இருக்கிறதே. ஒரே கிலோமீட்டருக்குள் ஐந்து ஆண்டில் ஆறு பேர் உயிரிழந்திருந்தால்தான் அது அபாயப் பகுதி. அபாயப் பகுதிக்குத்தான் கண்ணாடி. ஆறுக்குக் குறைவாகச் செத்தால் அது அவரவர் கவனக்குறைவு. வளைவில் ஐந்து ஆண்டில் பத்துப் பேர் இறந்திருந்தார்கள். ஆனால் கல் நடுவில் நின்றது. மேற்கே ஐந்து பேர், கிழக்கே ஐந்து பேர். ஆகவே மேற்குக் கிலோமீட்டரிலும் அபாயம் இல்லை, கிழக்குக் கிலோமீட்டரிலும் அபாயம் இல்லை.

இதை அக்காவிடம் விளக்கினேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, செத்துப்போன பத்துப் பேருக்கும் இந்த விவரத்தைத் தெரிவித்தீர்களா என்று கேட்டாள்.

அக்காவின் தொல்லை தாங்காமல் ஒரு நாள் தலைமைப் பொறியாளரிடம் ஒரு யோசனை சொன்னேன். நான் யோசனை சொன்னது பதினான்கு வருடத்தில் அதுவே முதல் தடவை.

"சார், அந்தக் கல்லை ஒரு நூறு மீட்டர் தள்ளி நட்டா, பத்துப் பேரும் ஒரே பக்கம் வந்துருவாங்க. அபாயப் பகுதின்னு அறிவிச்சு ஒரு கண்ணாடி வெச்சிரலாம்."

"கல்லை நகர்த்தினா அதுக்கும் அடுத்த கல்லுக்கும் ஒரு கிலோமீட்டர் இருக்காதே."

"அடுத்ததையும் கொஞ்சம் நகர்த்தலாம் சார்."

"அப்படியே எல்லாத்தையும் நகர்த்திட்டே போனா, கடைசிக் கல்லு பக்கத்து மாநிலத்துல போய் நிக்கும். எல்லைத் தகராறு. உங்களுக்கு யுத்தம் வேணுமா?"

வேண்டாம் என்றேன்.

"அது மட்டுமில்ல. யார் எந்தக் கிலோமீட்டர்ல செத்தாங்கன்னு போலீஸ்ல பதிவாகி இருக்கு. கல்லை நகர்த்த எனக்கு அதிகாரம் உண்டு. செத்தவங்களை நகர்த்த அதிகாரம் இல்ல."

நான் யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னதில் ஓட்டை எதுவும் தென்படவில்லை. இது என் மூளையின் குறையா, பதினான்கு வருடப் பழக்கமா என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இங்கே பதினொன்றாவது ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகப் போய்க் கடைகளுக்குச் சோப்புப் போடுகிறவர். கல்லுக்கு மேற்கே அவரை ஒரு லாரி மோதியது. அவர் கல்லுக்கு மேலாகப் பறந்து, கிழக்கே விழுந்து இறந்தார். எங்கள் எல்லையில் அடிபட்டார், ஆனால் சாகவில்லை என்றது மேற்கு. எங்கள் எல்லையில் செத்தார், ஆனால் அடிபடவில்லை என்றது கிழக்கு. அந்த நாளில் 'விபத்தில்லா வட்டம்' என்று வருடா வருடம் ஒரு கேடயம் கொடுப்பார்கள். அதற்கு இரண்டு வட்டமும் போட்டி. ஆகையால் சோப்புக்காரரை ஒருவரும் ஏற்கவில்லை. 'எந்த எல்லைக்கும் உட்படாதவர்' என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டார்கள்.

அவருடைய மனைவி இரண்டு வருடம் எங்கள் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். "எங்க வீட்டுக்காரர் எந்த இடத்துல செத்தாருன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க சார். காப்பீட்டு ஆபீஸ்ல கேக்கறாங்க," என்பார். நான் கிழக்கு வட்டத்துக்குப் போகச் சொல்வேன். அவர்கள் மேற்குக்கு அனுப்புவார்கள். மேற்கு என்னிடம் அனுப்பும். நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை. ஒவ்வொரு தடவையும் நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, அதன் பிறகுதான் திருப்பி அனுப்பினேன்.

இந்தச் சமயத்தில் தலைமைப் பொறியாளர் மூன்று நாள் பயிற்சிக்குப் போய்விட்டு வந்தார். நேர்மறைச் சிந்தனைப் பயிற்சி. அப்போது அது பெரிய பெரிய அதிகாரிகள் மத்தியில் ஜலதோஷம் போலப் பரவிக்கொண்டிருந்தது. போனவர் வேறு, வந்தவர் வேறு. வாய் காதுவரை விரிந்திருந்தது. எதிர்மறைச் சொற்கள் மனிதனைச் சோர்வடையச் செய்கின்றன, இனி அவை நம் துறையின் தாள்களிலும் பலகைகளிலும் இடம்பெறலாகாது என்று சுற்றறிக்கை விட்டார். 'விபத்து' என்பது 'திட்டமிடாத நிறுத்தம்' ஆயிற்று. 'பள்ளம்' என்பது 'மேம்பாட்டு வாய்ப்பு' ஆயிற்று. 'வேகத்தைக் குறைக்கவும்' என்பதில் குறை இருப்பதால் அதை எடுத்துவிட்டு, 'வேகத்தை அளவோடு அனுபவிக்கவும்' என்று எழுதினார்கள். என் நூலின் இரண்டாம் பகுதிக்கு 'அபாயங்கள்' என்ற தலைப்பு போய் 'அனுபவங்கள்' வந்தது. நூற்றெண்பது பக்கத்தை உட்கார்ந்து திருத்தினேன்.

திருத்தும்போதே எனக்கு ஒரு சபலம் தட்டியது. கண்ணாடிதான் கிடையாது, வளைவில் ஒரு பலகையாவது வாங்கிவிட்டால் அக்காவின் வாயை அடைக்கலாமே என்று நினைத்து, சாரின் புது நோக்குக்கு ஏற்ற மாதிரி ஒரு வாசகம் எழுதிக்கொண்டு போனேன். அவர் படித்துவிட்டு எழுந்து நின்று கை கொடுத்தார். ஒரே மாதத்தில் வளைவின் மூக்கில் முப்பது அடி அகலப் பலகை எழுந்தது. 'ஒற்றுமை வளைவு உங்களை அன்புடன் வரவேற்கிறது' என்று என் வாசகம். பக்கத்தில், பத்தடி உயரத்துக்குச் சார் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு முதுநிலை எழுத்தராகப் பதவி உயர்வு வந்தது. சந்தோஷமாக வீட்டுக்கு இனிப்பு வாங்கிப் போனேன்.

மாமா இனிப்பை வாயில் போட்டுக்கொண்டே சொன்னார்: "முன்னெல்லாம் எதிர்ல வர்ற லாரி பாதியாச்சும் தெரியும் மாப்ள. இப்ப உங்க சாரோட பல்லுதான் தெரியுது."

பலகையைக் கொஞ்சம் தள்ளி வைக்கும்படி நான் குறிப்பு எழுதினேன். மறைக்கிறது என்பது எதிர்மறைச் சொல் என்று குறிப்பு திரும்பி வந்தது.

இப்படி இருக்கையில்தான் மேலிடத்திலிருந்து புதுத் திட்டம் இறங்கியது. அபாயப் பகுதி எந்த வட்டத்தில் இருக்கிறதோ அந்த வட்டத்துக்கு விளக்கு, கண்ணாடி, வளைவை நேராக்கும் வேலை, மேற்பார்வைக்கு ஒரு புது ஜீப் எல்லாம் உண்டு என்று அறிவித்தார்கள். மற்றதை விடுங்கள். ஜீப் என்ற சொல்லைப் படித்ததும் இரண்டு வட்டங்களுக்கும் ஐம்பது வருடத்துப் புண் மறுபடி திறந்துகொண்டது. நேற்றுவரை ஐந்து சாவை அரை சாவாகக் காட்டப் பாடுபட்டவர்கள், ஐந்தை எப்படி ஆறாக்குவது என்று தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சோப்புக்காரர் ஞாபகம் வந்தார்.

அந்த அம்மாவுக்கு ஒரே நாள் தபாலில் இரண்டு சான்றிதழ் போய்ச் சேர்ந்தன. உங்கள் கணவர் எங்கள் எல்லையில்தான் இறந்தார் என்று மேற்கு. இல்லை, எங்கள் எல்லையில்தான் என்று கிழக்கு. அவர் இரண்டையும் எடுத்துக்கொண்டு நம்பிக்கையோடு காப்பீட்டு அலுவலகத்துக்கு ஓடினார். ஒருவர் இரண்டு இடத்தில் இறப்பதற்குத் தங்கள் விதியில் இடமில்லை என்றும், இது மோசடி முயற்சியாகத் தெரிகிறது என்றும் அவர்கள் எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். அந்தத் தாளை அவர் என் மேஜையில் வைத்தார். நான் வழக்கம்போல நாற்காலியை இழுத்துப் போட்டேன். அன்று அவர் உட்காரவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டும்.

வழக்கைத் தீர்க்கத் தலைமைப் பொறியாளர் கூட்டம் போட்டார். குறிப்பெடுக்க என்னை உட்கார வைத்தார்கள்.

"அடிபட்டது எங்க பக்கம்," என்றார் மேற்கு. "அடிபடலேன்னா அவர் செத்திருக்கவே மாட்டார். அதனால அந்தச் சாவு எங்களுக்குத்தான் சொந்தம்."

"உசுரு போனது எங்க மண்ணுல," என்றார் கிழக்கு. "கடைசி மூச்சை நாங்கதான் வாங்கினோம்."

"பறக்கும்போதே போயிருந்தா?"

"அப்ப கல்லைத் தாண்டினப்பறம் போச்சா, தாண்டறதுக்கு முன்னாடியான்னு பாக்கணும்."

பார்த்தார்கள். கரும்பலகை கொண்டு வந்து, லாரியின் வேகம், சோப்புக்காரரின் எடை, முதுகுப் பையில் இருந்த மாதிரிச் சோப்புகளின் எடை, அன்றைய காற்று எல்லாம் போட்டு ஒரு மணி நேரம் கணக்குப் பார்த்தார்கள். உயிர் சரியாகக் கல்லின் உச்சிக்கு மேலே பிரிந்ததாக வந்தது. கடைசியில் சார் புன்னகையோடு எழுந்தார். சகோதரர்கள் சண்டையிடலாகாது, ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று தீர்ப்புச் சொன்னார். இரண்டு வட்டமும் ஐம்பது வருடத்தில் முதல் முறையாகக் கைகுலுக்கின. நான் நடவடிக்கைக் குறிப்பில் மேற்கே ஐந்தரை, கிழக்கே ஐந்தரை என்று எழுதினேன். எழுதிய பிறகுதான் உறைத்தது.

"சார், ரெண்டுமே ஆறு வரல. ஐந்தரையை ஆறுன்னு எடுத்துக்கலாமா?"

சாரின் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு மறைந்தது. "மனித உயிர் விலைமதிப்பற்றது. அதை நம்ம இஷ்டத்துக்குக் கூட்டிக் காட்டறது பெரிய பாவம்," என்றார்.

அன்றிலிருந்து எங்கள் அலுவலகம் காத்திருக்கத் தொடங்கியது. எதற்கு என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் அது எதிர்மறை. ஆனால் காலையில் வந்ததும் வராததுமாக எல்லோருடைய பார்வையும் ஃபோன்மேல் போகும். ஐந்து ஆண்டு ஆகிவிட்டால் பழைய சாவு செல்லாது, மேற்கின் முதல் ஆள் இன்னும் இரண்டு மாதத்தில் காலாவதி ஆகிறார். அதனால் மேற்குப் பொறியாளருக்குத் தூக்கமே போய்விட்டது. தினமும் பத்து மணிக்கு ஏதாவது உண்டா என்று ஃபோனில் என்னைக் கேட்பார்.

"வளைவுல ஒரு ஆடு, சார்."

"ஆட்டை ஓட்டிட்டு வந்தவர்?"

"தப்பிச்சுட்டார் சார்."

"ம்," என்று வைத்துவிடுவார். அந்த "ம்" எனக்குப் புரியும். சொல்லப்போனால் எனக்குள்ளும் அதே "ம்" இருந்தது. அரைதானே குறைகிறது, யாரோ முகம் தெரியாத ஒருவர், எப்படியும் போகப்போகிறவர், போகிற இடத்தைக் கொஞ்சம் பார்த்துப் போனால் கண்ணாடி வந்துவிடும், மாமா பத்திரமாக இருப்பார் என்று என் மனசு கணக்குப் போட்டது. அது தப்பு என்று அப்போது தோன்றவில்லை. அக்காவுக்காகத்தானே என்று தோன்றியது.

ஒரு நாள் சாப்பிடும்போது அக்கா வழக்கம்போலக் கண்ணாடிப் பேச்சை எடுத்தாள். ஆறுதலாக இருக்கட்டும் என்று, இன்னும் அரைதான் அக்கா, வந்துவிடும் என்றேன். அரை என்றால் என்ன என்று கேட்டாள். சொன்னேன். விதி, கல், சோப்புக்காரர், தீர்ப்பு எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன்.

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "அரை ஆளா யாரு மாப்ள சாக முடியும்? செத்தா முழுசாத்தான் சாகணும். உங்களுக்கு அரை லாபம்," என்றார்.

அக்கா சிரிக்கவில்லை. "அந்த ரோட்டுல ஒரு நாளைக்கு நாலு தடவ போறது யாருன்னு உனக்குத் தெரியுமில்ல?" என்றாள். "நீ யாரை எதிர்பாத்து உக்காந்திருக்கடா?"

அன்று இரவே பலகையை அகற்றக் கோரி நீளமாக ஒரு மனு எழுதினேன். காலையில் படித்துப் பார்த்தபோது அதில் பதினேழு எதிர்மறைச் சொற்கள் இருந்தன. எழுதியவன் முதுநிலை எழுத்தர் ஆயிற்றே. திருத்திக் கொடுக்கலாம் என்று இழுப்பறையில் வைத்தேன்.

இருபது நாள் கழித்து, ஒரு புதன்கிழமை, சாரின் பல்லுக்குப் பின்னாலிருந்து ஒரு லாரி வந்தது. மாமா அதைப் பார்த்தபோது அது பஸ்ஸின் மூக்குக்கு நேரே நின்றது. ஒடித்தார். பஸ் சாலையை விட்டு இறங்கி வயலில் சாய்ந்து படுத்தது.

பதற வேண்டாம், மாமா சாகவில்லை. தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது, நான்கு மாதம் கட்டில். பயணிகள் முப்பத்து நான்கு பேருக்கும் சிராய்ப்பு, வீக்கம், ஒருவருக்குப் பல் போயிற்று. ஓர் உயிர்கூடப் போகவில்லை. இந்த நல்ல செய்தி வந்தபோது எங்கள் அலுவலகத்தில் ஒரு முகத்திலும் களை இல்லை. "முப்பத்தி நாலு பேர்ல ஒருத்தர்கூடவா?" என்று மேற்குப் பொறியாளர் கேட்டார், யாரிடம் என்று குறிப்பிடாமல். தலைமைப் பொறியாளர் ஆப்பிள் பையோடு ஆஸ்பத்திரிக்கே வந்தார்.

மாமா படுத்தபடியே கும்பிட்டார். "எங்களால முடிஞ்சது இவ்வளவுதான் சார்," என்றார்.

"மனசைத் தளர விடாதீங்க," என்று சார் அவர் தோளைத் தட்டினார். "முயற்சிதான் முக்கியம்."

கண்ணாடி வரவில்லை. கணக்கு மாறாதபோது எப்படி வரும்? இதைப் படிக்கும்போது, அடடா, அரைதானே குறைந்தது, அந்தப் பஸ்ஸில் யாராவது ஒரு கிழம் கட்டை போயிருந்தால் விஷயம் முடிந்திருக்குமே என்று உங்களுக்கு ஒரு கணம் தோன்றியிருக்குமானால், எங்கள் அலுவலகத்தில் இரண்டு இடம் காலியாக இருக்கிறது. விண்ணப்பிக்கலாம்.

நான் மட்டும் யோக்கியனா என்று கேட்பீர்கள். அதையும் சொல்லிவிடுகிறேன். மாமா பிழைத்தது, பயணிகள் பிழைத்தது எல்லாம் சாயங்காலம் தெரிந்த விஷயம். காலை பதினொன்றேகாலுக்கு என் மேஜை ஃபோன் அடித்தபோது எனக்கு எதுவும் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது. பஸ் டிப்போவிலிருந்து ஆள் வந்து, இந்த மாதிரி, இன்ன இடத்தில் என்று சொல்லியிருக்கிறான். அவள் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டு, பாதி வழியில் ஒரு மருந்துக் கடையில் நின்று எனக்குப் பேசினாள். மூச்சு வாங்கியது.

"டேய், வளைவுல மாமா பஸ்ஸு கவுந்துடுச்சுடா."

இதற்கு ஒரு தம்பி என்ன கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். மாமாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்க வேண்டும். எந்த ஆஸ்பத்திரி, நீ எங்கே இருக்கிறாய், நான் வருகிறேன், இப்படி ஏதாவது. என் வாயில் வந்தது இது:

"கல்லுக்கு எந்தப் பக்கம்?"

மருந்துக் கடைக்காரர் யாருக்கோ சில்லறை கொடுக்கும் ஓசை மட்டும் கேட்டது.

"மேற்குப் பக்கம்," என்றாள் அக்கா, நிதானமாக. "எழுதிக்கோ."

ஃபோனை வைத்துவிட்டாள். பேனா என் கையில்தான் இருந்தது. எழுதிக்கொண்டேன்.